தோற்கும் அணியின் அரங்கில் புதியவனுக்கு இடம் இருக்கும்

காவேரிப்பட்டணத்துத் தம்பி ஒருவர் கேட்ட கேள்விக்கு இந்தப் பதில். பள்ளியில் ஹாக்கி ஆடியவர். 2022இல் மேற்படிப்புக்காகப் பிட்ஸ்பர்க் போனார், அங்கே ஐஸ் ஹாக்கி பார்க்க ஆரம்பித்து அந்த ஊர் அணியான பெங்குவின்ஸின் ரசிகர் ஆகிவிட்டார். இப்போது பஃபலோவில் வேலை, இந்த ஆகஸ்டில் அங்கே குடிபோகிறார். பஃபலோவின் அணி சேபர்ஸ். 2011க்குப் பிறகு 2025 வரை ஒரு தடவைகூட பிளே ஆஃபுக்கு, அதாவது சீசன் முடிந்து முன்னணி அணிகள் கோப்பைக்காக மோதும் சுற்றுக்கு, போகாத அணி. "ஊர் மாறினால் அணியும் மாறலாமா, அது துரோகம் இல்லையா? அப்படியே மாறினாலும் இவ்வளவு தோற்கிற அணியில் எதைப் பிடித்துக்கொண்டு ரசிகன் ஆவது?" என்று கேட்கிறார்.

தம்பி, நான் தர்மபுரி. 2009 முதல் 2013 வரை சிகாகோவில் இருந்தேன், அதற்கப்புறம் பத்து வருடம் பஃபலோவில். 2023இல் அப்பாவுக்கு முடியாமல் போனதால் திரும்பி வந்து பாலக்கோடு பக்கம் எங்கள் மாந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறேன். இன்றைக்கும் சேபர்ஸ் ஆட்டம் இருந்தால் விடிவதற்கு முன்னால் எழுந்துவிடுவேன். அங்கே இரவு 7 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு விடியற்காலை 5.30, அவர்கள் கடிகாரத்தை மாற்றிவைத்திருக்கும் மாதங்களில் 4.30. நீங்கள் நிற்கிற அதே இடத்தில் 2013இல் நானும் நின்றேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் துரோகம் என்கிற பேச்சை முடித்துவிடலாம். நம் ஊரில் குலசாமி ஏதோ ஒரு கிராமத்தில் இருக்கும், குடியிருக்கிற தெருவில் ஒரு மாரியம்மன் இருப்பாள். குலசாமிக்கு வருடம் ஒருமுறை போய்ப் பொங்கல் வைக்கிறோம், தெரு மாரியம்மனுக்கும் கூழ் ஊற்றுகிறோம், யாரும் நம்மை ஏன் என்று கேட்டதில்லை. பெங்குவின்ஸை நீங்கள் விடவேண்டாம். சிட்னி கிராஸ்பி ஆடுகிற வரைக்கும் அந்த ஆட்டங்களைத் தவறவிடாதீர்கள், அப்படி ஒருவரை நம் காலத்தில் மறுபடி பார்ப்போமா தெரியாது. பிட்ஸ்பர்க்கும் பஃபலோவும் மோதும்போது மனசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். முதல் வருடம் ஒரு பக்கம் சாயும், மூன்றாவது வருடம் வேறு பக்கம் சாயலாம். அது தானாக நடக்கவேண்டியது, இப்போதே உட்கார்ந்து தீர்மானிக்கிற விஷயம் இல்லை.

எதைப் பிடித்துக்கொண்டு ரசிகனாவது என்பதுதான் பெரிய கேள்வி. என் அனுபவத்தில், தோற்கிற அணியின் அரங்கில் வெளியூர்க்காரனுக்கு இடம் இருக்கும். நாற்காலியை மட்டும் சொல்லவில்லை.

சிகாகோவில் நான் இருந்த நான்கு வருடத்தில் அந்த ஊர் அணியான பிளாக்ஹாக்ஸ் இரண்டு தடவை என்ஹெச்எல் என்ற ஐஸ் ஹாக்கி லீக்கின் ஸ்டான்லி கோப்பையை வாங்கியது, 2010லும் 2013லும். 2013 கடைசி ஆட்டத்தில் பாஸ்டனுக்கு எதிராக, முடிய ஒன்றேகால் நிமிடம் இருக்கும்போது, 17 வினாடிக்குள் இரண்டு கோல் போட்டு ஜெயித்தார்கள். நான் அதை ஒரு கூட்டமான உணவகத்தில் பின்சுவரோடு நின்றுகொண்டு பார்த்தேன். ஊரே குதித்தது, நானும் குதித்தேன். ஆனால் அந்த நான்கு வருடத்தில் நான் அரங்குக்குள் போனது ஒரே ஒரு தடவைதான், டிக்கெட் விலை அப்படி. பக்கத்தில் உட்கார்ந்தவர் இரண்டு மணி நேரத்தில் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மேல் தப்பில்லை. ஜெயிக்கிற அணியைச் சுற்றி எப்போதும் கூட்டம் இருக்கும், அதில் இன்னொருவன் வந்தானா போனானா என்று யாருக்குத் தெரியும்?

அதே வருடம் அக்டோபரில் பஃபலோ. கூட வேலை பார்த்தவர் தன்னிடமிருந்த சீசன் டிக்கெட்டில் ஒன்றை என் கையில் கொடுத்து, காசு வேண்டாம், போய்ப் பாருங்கள் என்றார். 300களில் தொடங்கும் மேல்மாடி வரிசை. மிகவும் செங்குத்தான படிகள், கீழே முழு ஆடுகளமும் கேரம் பலகை மாதிரி தெரியும். அந்த வருடம் சேபர்ஸ் 82 ஆட்டத்தில் 21தான் ஜெயித்தது, லீக்கிலேயே கடைசி. என் வரிசையில் பாதி நாற்காலி காலி. எனக்கு இரண்டு இடம் தள்ளி எழுபது வயது இருக்கும் ஒரு அம்மா காதில் சின்ன ரேடியோவை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் இடைவேளையில் என்னைப் பார்த்து, நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டார். எந்த நாடு என்று கேட்கவில்லை, இந்த அணியைப் பார்க்க ஏன் வந்தீர்கள் என்றுதான் கேட்டார். புதிதாகக் குடிவந்திருக்கிறேன், ஹாக்கி பிடிக்கும் என்றேன். உடனே ஒரு காதிலிருந்து ரேடியோவைக் கழற்றிவிட்டுப் பேச ஆரம்பித்தவர்தான், அடுத்த ஏழெட்டு வருடம் பேசினார்.

அவரிடமிருந்துதான் நான் இந்த அணியைக் கற்றேன். 1970இல் வான்கூவரோடு சேர்ந்து லீக்குக்கு வந்த அணி. ஜில்பெர் பெரோ, ரிக் மார்டின், ரெனே ரொபேர் என்று மூன்று பேர் ஒரே வரிசையில் ஆடினார்கள், மூவரும் பிரெஞ்சு பேசும் கியூபெக்கிலிருந்து வந்தவர்கள் என்பதால் அந்த வரிசைக்கே 'பிரெஞ்சு கனெக்ஷன்' என்று பெயர். 1975இல் இறுதிச் சுற்று வரை போனார்கள். பழைய அரங்கில் குளிர்சாதனம் கிடையாது, மே மாதப் புழுக்கத்தில் பனித்தரையிலிருந்து மூடுபனி எழும்பி, பந்துக்குப் பதிலாக ஆடும் பக் என்ற ரப்பர் வட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஒரு வௌவால் வேறு உள்ளே வந்து பறந்தது, ஜிம் லோரென்ஸ் என்ற வீரர் அதை மட்டையாலேயே அடித்து வீழ்த்தினார். அந்த ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் ரொபேர் கோல் போட்டு ஜெயித்தாலும் கோப்பை பிலடெல்பியாவுக்குப் போனது. 1974 டிராஃப்டில், அதாவது அணிகள் புதிய இளம் வீரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வில், பஞ்ச் இம்லாக் என்ற மேலாளர், தொலைபேசி வழியாக மணிக்கணக்கில் இழுத்த தேர்வு முறையில் எரிச்சலாகி, டாரோ சுஜிமோட்டோ என்று ஜப்பானில் இல்லவே இல்லாத ஒரு வீரரை 11ஆவது சுற்றில் எடுத்ததாகப் பதிவு செய்துவிட்டார். இன்றைக்கும் அந்தப் பெயர் போட்ட சட்டையை அரங்கில் பார்க்கலாம். நீங்கள் பார்த்தால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிச் சிரியுங்கள், அந்த நிமிடமே உள்ளூர்க்காரர் ஆகிவிடுவீர்கள்.

அப்புறம் 1999. டொமினிக் ஹாஷெக் என்ற செக் நாட்டுக் கோல்காப்பாளர் தனி ஆளாக ஒரு சாதாரண அணியை இறுதிச் சுற்றுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அதற்கு முந்தைய 1997, 1998 இரண்டு வருடமும் லீக்கின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான், கோல்காப்பாளர் ஒருவருக்கு அது கிடைப்பதே அபூர்வம். டல்லாஸுக்கு எதிரான ஆறாவது ஆட்டம், மூன்றாவது கூடுதல் நேரம், நள்ளிரவு தாண்டிவிட்டது. பிரெட் ஹல் கோல் அடிக்கிறார், அவர் கால் கோலுக்கு முன்னால் இருக்கும் நீல அரைவட்டத்துக்குள் இருக்கிறது. பக் போவதற்கு முன்னால் எதிரணி வீரரின் கால் உள்ளே இருந்தால் கோல் இல்லை என்று அந்த சீசனில் விதி இருந்தது. ஆனால் பக் ஹல்லின் கட்டுப்பாட்டிலேயே இருந்தது என்று சொல்லி லீக் அந்த கோலை ஏற்றுக்கொண்டது, அந்தக் கோடையிலேயே விதியையும் தூக்கிவிட்டார்கள். 'நோ கோல்' என்ற இரண்டு வார்த்தையை பஃபலோவில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், பேச்சு அரை மணி நேரத்துக்குக் குறையாது.

அந்த அம்மாவின் ரேடியோவில் வந்த குரல் ரிக் ஜெனரெட். 1971 முதல் 2022 வரை இந்த ஒரே அணிக்கு வர்ணனை செய்தவர். 2023 ஆகஸ்டில் காலமானார். 1993இல் பிராட் மே கூடுதல் நேரத்தில் கோல் போட்டு பாஸ்டனை வெளியேற்றியபோது 'மே டே, மே டே' என்று அவர் கத்திய பதிவை முதலில் கேளுங்கள். அந்த அணி பத்து வருடமாக ஒரு பிளே ஆஃப் தொடரைக்கூட ஜெயித்திருக்கவில்லை என்பதைத் தெரிந்துகொண்டு கேட்டால், அந்தக் குரல் ஏன் அப்படி உடைகிறது என்று புரியும். சேபர்ஸில் எதைப் பிடித்துக்கொள்வது என்று கேட்டீர்களே, நான் பிடித்துக்கொண்டது இந்தக் குரலைத்தான்.

சரி, இப்போது கசப்பான பகுதி. இந்த அணி ஏன் இப்படி ஆனது என்று தெரியாமல் இதற்கு ரசிகராக முடியாது.

2006லும் 2007லும் அடுத்தடுத்து அரையிறுதி வரை போன நல்ல அணி இருந்தது. 2007 ஜூலை 1 அன்று இரண்டு கேப்டன்கள், கிறிஸ் டிரூரியும் டேனி பிரியேரும், ஒரே நாளில் வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள். சரிவு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்று பழைய ரசிகர்கள் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். 2011இல் டெர்ரி பெகுலா அணியை வாங்கினார், பணத்துக்குக் குறைவில்லை, அந்த வசந்தத்தில் பிளே ஆஃப் ஆடினார்கள், அதற்கப்புறம் பிளே ஆஃப் இல்லை. 2025 வரைக்கும் 14 சீசன். என்ஹெச்எல் வரலாற்றிலேயே எந்த அணியும் இவ்வளவு காலம் தொடர்ந்து வெளியே இருந்ததில்லை.

இதில் 2014-15 சீசனைத் தனியாகச் சொல்லவேண்டும். டிராஃப்ட் முறை உங்களுக்குத் தெரியும், மோசமாக முடிக்கும் அணிகளுக்கு அடுத்த வருடத்து இளம் வீரர்களில் முதலில் எடுக்கும் வாய்ப்பு அதிகம். அந்த வருடம் கானர் மெக்டேவிட் வரப்போகிறார், அவருக்கு அடுத்து ஜாக் ஐகல். அப்போதிருந்த விதிப்படி கடைசி இடத்தில் முடித்தால் இந்த இருவரில் ஒருவர் நிச்சயம். நிர்வாகம் நல்ல வீரர்களை விற்றுவிட்டு கடைசி இடத்தைக் குறிவைத்தே அணியை வைத்திருந்தது, ஊருக்கே அது தெரியும். 2015 மார்ச் 26, வியாழக்கிழமை, அரிசோனா கயோட்டீஸ் வந்தார்கள், அவர்கள்தான் கடைசிக்கு முந்தைய இடம். ஆட்டம் 3-3 என்று கூடுதல் நேரத்துக்குப் போனது. அரிசோனாவின் சாம் காக்னே கோல் போட்டார். எங்கள் அரங்கம் எழுந்து ஆரவாரம் செய்தது. நம் அணி தோற்றதற்கு நம் ஆட்களே கைதட்டினார்கள்.

நான் கைதட்டவில்லை. பெரிய கொள்கை என்று இல்லை, கை வரவில்லை. பள்ளியில் ஆடியபோது எங்கள் பி.டி. சார் ஐந்து கோல் வாங்கிய ஆட்டத்தில்கூடக் கடைசி நிமிடம் வரை ஓடவிடுவார், நின்றால் விசில் அடித்தே காதைக் கிழிப்பார், அந்தப் பழக்கம். பக்கத்தில் அந்த அம்மா ரேடியோவைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, என்னிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் இந்த அணி எனக்கு அவ்வளவு ஒட்டிவிட்டது என்று தெரிந்தது. சிகாகோ கோப்பை வாங்கிய இரவில் எனக்கு வந்தது சந்தோஷம். பஃபலோவில் இந்த இரவில் வந்தது வலி, வீட்டில் ஒருவரை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தினால் வருமே அது. ஆட்டம் முடிந்து சேபர்ஸ் வீரர்கள் சிலரும் அந்த வேதனையை வெளிப்படையாகவே சொன்னார்கள்.

கடைசியில் என்ன ஆனது? ஏப்ரலில் முதலில் எடுக்கும் வாய்ப்பு யாருக்கு என்ற குலுக்கல் நடந்தது. பஃபலோவுக்கு 20 சதவீத வாய்ப்பு, எட்மண்டனுக்கு 11.5. எட்மண்டனுக்கு விழுந்தது, மெக்டேவிட் அங்கே போனார். நமக்கு ஐகல். ஐகல் அருமையான வீரர்தான், ஆனால் தோற்பதற்கென்றே சேர்த்து வைத்த ஒரு அணிக்குள் பதினெட்டு வயதுப் பையனைக் கொண்டுவந்து நிறுத்தி, இனிமேல் ஜெயிக்கவேண்டும் என்றால் அவன் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வான்?

மாந்தோப்புக்கு வந்தபிறகு இதை இன்னும் நன்றாகப் புரிந்துகொண்டேன். ஒட்டுச்செடி வைத்தால் இரண்டாம் வருடமே பூ விடும். பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் முதல் மூன்று வருடம் அந்தப் பூவையெல்லாம் கிள்ளிப் போட்டுவிடவேண்டும். விட்டால் காய்க்கும், ஆனால் தண்டும் கிளையும் பலம் பிடிக்கவேண்டிய வயதில் சத்தெல்லாம் காய்க்குப் போய் மரம் நோஞ்சானாகவே நின்றுவிடும். சேபர்ஸ் செய்தது இதற்கு நேர்மாறு. கிரிகோரென்கோ, ரிஸ்டொலைனன் என்று 18 வயதுப் பையன்களை எடுத்த வருடமே பெரிய லீக்கில் இறக்கினார்கள். பஃபலோவிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ராச்செஸ்டர், அங்கே அமெரிக்கன்ஸ் என்று அவர்களுடைய வளர்ப்பு அணியே இருக்கிறது, அங்கே இரண்டு வருடம் விட்டிருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள். நீங்கள் போனால் ராச்செஸ்டர் ஆட்டத்துக்கும் கட்டாயம் போங்கள், டிக்கெட் மலிவு, அடுத்து மேலே வரப்போகிற பையன்களை முன்னாலேயே பார்த்துவிடலாம்.

அப்புறம் இன்னொரு வலி இருக்கிறது, அதற்கும் தயாராக இருங்கள். இங்கிருந்து போனவர்கள் போன இடத்தில் கோப்பை வாங்குவார்கள். ரையன் ஓரைலி, இந்த அணியில் தோற்றுத் தோற்று ஆட்டத்தின் மேலிருந்த ஆசையே சில நேரம் போய்விட்டது என்று 2018இல் மனம் திறந்து சொன்னார். அந்த ஜூலையில் அவரை செயின்ட் லூயிஸுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடமே அந்த அணி ஸ்டான்லி கோப்பை வாங்கியது, பிளே ஆஃபின் சிறந்த வீரரும் அவரே. ஐகலுக்குக் கழுத்தில் அடிபட்டபோது எந்த அறுவை சிகிச்சை செய்வது என்று அணிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை, 2021 நவம்பரில் வேகாஸுக்குப் போனார், 2023இல் கோப்பை. சாம் ரைன்ஹார்ட் புளோரிடாவுக்குப் போனார், 2024 இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் கோப்பையைத் தந்த கோலே அவருடையது, 2025இலும் அதே அணி, கடைசி ஆட்டத்தில் நான்கு கோல். எனக்கு முதலில் பொறாமையாக இருந்தது. ரைன்ஹார்ட் கோல் போட்ட அன்று காலையில் இங்கே தர்மபுரியில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன், மனசார சந்தோஷப்பட்டேன். ஏழு சீசன் நம் அணிக்காக ஓடியவர் அவர். எங்கே ஆடினாலும் நம் பையன்தானே.

நீங்கள் பிட்ஸ்பர்க்கில் இருந்த முதல் சீசன், 2022-23, ஞாபகம் இருக்கும். கடைசி பிளே ஆஃப் இடத்தைப் பிடித்த புளோரிடா 92 புள்ளி, பிட்ஸ்பர்க் 91, பஃபலோ 91. ஒரே ஒரு புள்ளி. 16 வருடம் தொடர்ந்து பிளே ஆஃப் ஆடிய உங்கள் பெங்குவின்ஸ் அந்த ஒரு புள்ளியில் நின்றது, பன்னிரண்டாவது வருடமாக என் சேபர்ஸும் அதே ஒரு புள்ளியில் நின்றது. அந்த புளோரிடா அங்கிருந்து இறுதிச் சுற்று வரைக்கும் போனது. டேஜ் தாம்சன் 47 கோல் போட்ட சீசன் அது. நான் பஃபலோவில் கழித்த கடைசிக் குளிர்காலமும் அதுதான். ஜனவரியில் ஒரு ஆட்டத்தில் மேல்மாடி முழுக்க நிரம்பி, நான் பத்து வருடமாகக் கால் நீட்டி உட்கார்ந்த வரிசையில் இடமில்லாமல் போனபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஏப்ரல் ஏமாற்றம் உங்களுக்கும் எனக்கும் பொதுவானது, அதை வைத்துக்கொண்டே அங்கே யாரிடமும் பேச்சை ஆரம்பிக்கலாம்.

ஊரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். 1950இல் பஃபலோவில் 5 லட்சத்து 80 ஆயிரம் பேர், 2020இல் 2 லட்சத்து 78 ஆயிரம். ஈரி கால்வாயும் தானியக் கிடங்குகளும் எஃகு ஆலையும் இருந்த ஊர், ஆலை 1980களின் தொடக்கத்தில் மூடியது, பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போனார்கள். அமெரிக்கக் கால்பந்து அணியான பில்ஸ் தொடர்ந்து நான்கு வருடம் சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டம் வரை போய் நான்கிலும் தோற்றது. 2002இல் சேபர்ஸின் அப்போதைய உரிமையாளர் நிதி மோசடி வழக்கில் கைதாகி, அணி திவாலாகி, ஊரைவிட்டே போய்விடுமோ என்ற நிலை வந்தது, லீக்கே எடுத்து நடத்தி 2003இல்தான் வேறொருவர் வாங்கினார். அந்த வருடங்களைப் பார்த்தவர்களுக்கு அணி இருப்பதே பெரிய விஷயம், அதனால்தான் தோற்றாலும் வருகிறார்கள். பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்ட நம் கிராமங்களைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு அந்த ஊரை யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

அதியமான்கோட்டையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு இது தோன்றும். தகடூர்ப் போரில் ஜெயித்தது சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை. கோட்டையை முற்றுகையிட்டு அழித்தான், அதியமான் நெடுமான் அஞ்சி போரில் மாண்டான். இரண்டாயிரம் வருடம் ஆகப்போகிறது, நம் பக்கம் கடைக்கும் பள்ளிக்கும் கல்லூரிக்கும் யார் பெயர் இருக்கிறது? ஜெயித்தவன் பெயரை நம் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிப்பதோடு சரி. ஔவையார் இந்த ஊரில் பிறந்தவர் இல்லை, வந்து தங்கியவர்தான். அதியமான் மாண்ட பிறகும் அவனுக்காகப் பாடினார். வெளியூரிலிருந்து வந்தவர் ஒருவர் தோற்கிற பக்கத்தைத் தன் பக்கமாக எடுத்துக்கொள்வது நம் மண்ணுக்குப் புதிது இல்லை.

ஆட்டத்தைப் பார்ப்பது பற்றி ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் நம் ஹாக்கி ஆடியவர்களுக்கு ஒரு கண் பழக்கம் உண்டு, அது இங்கே கொஞ்சம் ஏமாற்றும். நம் ஆட்டத்தில் ஆஃப்சைடு 1990களிலேயே போய்விட்டது, நாம் பந்தையே பார்த்துக்கொண்டிருப்போம். ஐஸ் ஹாக்கியில் நீலக் கோடு இருக்கிறது, பக் உள்ளே போவதற்கு முன்னால் ஆள் போகக்கூடாது. அதனால் பக் வைத்திருப்பவரை விட்டுவிட்டு, கோட்டில் காலை இழுத்துப் பிடித்துக் காத்திருப்பவரைப் பாருங்கள். தோற்கிற அணிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கின்றன, நடு ஆடுகளத்தில் பக்கைக் கோட்டைவிட்டுவிட்டு, உள்ளே போனவர்கள் திரும்பி ஓடமுடியாமல் நிற்பார்கள். ஒவ்வொருவரும் 45 வினாடிதான் முழு வேகத்தில் ஓடமுடியும், அப்புறம் அடுத்த வரிசை இறங்கவேண்டும். களைத்துப்போன வரிசை மாறமுடியாமல் தங்கள் பக்கத்திலேயே மாட்டிக்கொள்ளும்போது எண்ணிக்கொண்டே வாருங்கள், ஒரு நிமிடத்தைத் தாண்டினால் கோல் வரப்போகிறது என்று அரங்கில் பாதிப் பேருக்கு முன்னால் உங்களுக்குத் தெரியும். இதையெல்லாம் காரிமங்கலத்தில் டயர் கடை வைத்திருக்கும் என் பள்ளித் தோழனுக்கு டீ கிளாஸ்களை மேசையில் அடுக்கி வைத்து விளக்கினேன், எங்கள் அணியில் லெஃப்ட் ஹாஃப் ஆடியவன் அவன், பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டான். இப்போது ராஸ்மஸ் டாலின் பின்னாலிருந்து பக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினால் எனக்கு முன்னால் அவன் எழுந்து நிற்கிறான். நீங்களும் டாலினிலிருந்து தொடங்குங்கள். 2018இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர், எத்தனையோ தோல்விக்குப் பிறகும் அங்கேயே இருந்து இப்போது கேப்டன். அலெக்ஸ் டக்கையும் பாருங்கள், ஐகலை அனுப்பியபோது பதிலுக்கு வந்தவர், அதே நியூயார்க் மாநிலத்தில் சேபர்ஸ் ரசிகராக வளர்ந்த பையன், அவர் ஓடுவதில் அது தெரியும்.

போகும்போது சொந்தக் கார் வேண்டாம். மெட்ரோ ரயில் இருக்கிறது, நகர மையத்தில் தரைக்கு மேல் ஓடும் பகுதிக்குக் கட்டணமே கிடையாது. அரங்கத்தின் பெயர் நான் இருந்த காலத்திலேயே மாறியது, இப்போது கீபேங்க் சென்டர். டிக்கெட்டை முன்கூட்டி வாங்கவேண்டாம், செவ்வாய், புதன் மாதிரி வாரநாள் ஆட்டங்களுக்குக் கடைசி நேரத்தில் விலை இறங்கும். டொரன்டோ வருகிற நாளை மட்டும் முதல் வருடம் தவிர்த்துவிடுங்கள், எல்லை தாண்டி அவர்கள் ஆட்கள் வந்து பாதி அரங்கை நிரப்பிவிடுவார்கள், விலையும் ஏறும். எந்த அணி வந்தாலும் அமெரிக்கா, கனடா இரண்டு நாட்டு தேசிய கீதமும் பாடுவார்கள், எழுந்து நின்று இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள். முக்கியமாக, முடிந்தவரை ஒரே பகுதியில் டிக்கெட் எடுங்கள். ஒரே முகங்களை நாலைந்து தடவை பார்த்துவிட்டால் ஐந்தாவது தடவை அவர்களே பேசுவார்கள்.

அணி இந்த வருடம் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள். 1997 முதல் 2013 வரை பயிற்சியாளராக இருந்து, 2011இல் பிளே ஆஃபுக்குக் கூட்டிப்போன லிண்டி ரஃப்பை 2024இல் மறுபடி கூட்டிவந்தார்கள், அவர் திரும்பி வந்த முதல் சீசனிலேயே நடுவில் 13 ஆட்டம் தொடர்ந்து தோற்றார்கள், 79 புள்ளியில் முடித்தார்கள். 2025 ஜூனில் பீட்டர்கா என்ற இளம் வீரரை யூட்டா அணிக்கு அனுப்பிவிட்டார்கள், எனக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் ஒவ்வொரு செப்டம்பரிலும் எனக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது, மாம்பூ பருவத்தில் வருவது மாதிரி.

அந்தத் தபால் துறை அம்மா 315ஆம் பகுதியில் உட்காருவார். 2021க்குப் பிறகு வருவது குறைந்துவிட்டது, முழங்கால் வலி. பொங்கல் அன்று பேசினேன், ரேடியோ இன்னும் அதே ரேடியோதானாம். அக்டோபரில் போனால் அந்தப் பகுதியில் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். அவர் இருந்தால், தர்மபுரிக்காரர் அனுப்பினார் என்று சொல்லுங்கள், 1975 வௌவால் கதையை முதலில் இருந்து ஆரம்பிப்பார். நான் அப்போது இங்கே 4.30க்கு எழுந்து அதே ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.